அப்பாவின் கழுத்து ஸ்கேன்

சாந்தோம்,
19 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது அப்பாவின் இடது கால். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று வழியில் கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

"தார் ரோடு சுடலையாப்பா?" என்றேன்.

குனிந்து பார்த்து, "அட, இன்னாடி இது!" என்று சிரித்தார். கால் மரத்துப்போயிருந்திருக்கிறது.

மறுநாள் மயிலாப்பூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மார்பில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையில் இதயத்தைக் காட்டி, அதைச் சுற்றியிருந்த பட்டையெல்லாம் கொழுப்பு என்றார். விருந்துச் சமையலுக்கு அப்பா பன்றிக்கறி வெட்டும்போது தோலுக்கடியில் வழவழவென்று ஒட்டியிருக்குமே, அந்த ஞாபகம் வந்தது. அம்மா இறந்து, நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அந்தச் சட்டிகளைத் தேய்ப்பவள் நான்தான். ஆறியதும் வெள்ளையாக உறைந்து நகத்துக்குள் ஏறும். எனக்குக் குமட்டியது.

"இதயத்தைச் சுத்தி இவ்வளவு கொழுப்பு இருக்கிறவங்களுக்குக் கழுத்து ரத்தக்குழாயிலயும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கால் மரத்தது அதனாலயும் இருக்கலாம். பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி பாத்துடணும். நாளைக்கே கழுத்து ஸ்கேன் எடுங்க" என்றார் டாக்டர்.

அப்பா மறுத்துவிட்டார். "தவக்காலம் நடக்குது. நாப்பது நாளு கறியத் தொடமாட்டேன். உள்ள கீற கொழுப்பெல்லாம் தன்னால கரைஞ்சிபூடும்" என்கிறார். உனக்கு எழுதக்கூடாது என்றும் சொன்னார். நீ பயந்து ஓடி வந்தால், கன்னியாஸ்திரி ஆவதற்கான உன் நவகன்னியர் பயிற்சி கெட்டுவிடுமாம்.

நீ வர வேண்டாம் அக்கா. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவருக்கு ஒரு வரி எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டார், உன் பேச்சைத் தட்டமாட்டார்.

உன் தங்கை,
டீனா

*

நவகன்னியர் இல்லம், திண்டுக்கல்,
27 மார்ச் 2025

கிறிஸ்துவில் அன்புள்ள டீனா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதங்களை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் எங்களுக்குத் தருவார் என்று உனக்குத் தெரியும். சட்டி, நகம், குமட்டல் என்றெல்லாம் எழுதியிருந்ததால் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அப்பா தவம் இருக்கிறார். அதை நாம் ஏன் கலைக்க வேண்டும்? அவருக்காக நாங்கள் ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறோம். மே 31 என் முதல் வார்த்தைப்பாடு, நான் துறவற வாக்குக் கொடுக்கும் நாள். அதுவரை அவர் மனம் கலங்காமல் பார்த்துக்கொள். பிறகு நானே வந்து எல்லாம் செய்கிறேன்.

அன்றைய விருந்துக்குத் தன் கையால் பன்றிக்கறி சமைத்துத் தருவதாக அப்பா மதருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சகோதரிகள் எல்லோரும் ஆசையாகக் காத்திருக்கிறார்கள். ஞாபகப்படுத்து.

செபத்துடன்,
ஜெசிகா

*

சாந்தோம்,
29 ஏப்ரல் 2025

அக்கா,

அப்பா ஆபரேஷன் முடிந்து இப்போது வார்டில் இருக்கிறார். பேச்சு சரியாக இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், நீ பதற வேண்டாம். மற்றதை மதரும் படிக்கட்டும்.

ஈஸ்டர் அன்று நான்கு கிலோ பன்றிக்கறி வாங்கி வந்தார். நாற்பது நாள் பாக்கியை ஒரே வேளையில் தீர்ப்பதுபோலக் கொழுப்புத் துண்டுகளாகப் பொறுக்கித் தின்றார். மீசையில் எண்ணெய் வழிந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரத்னாக்கா மீன் கூடையோடு வாசலில் நின்று, "இன்னா ஹென்றி அண்ணே, பன்னிக்கே பாடம் எடுப்ப போலக் கீதே!" என்று கேலி செய்தாள். அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. இடது கையிலிருந்து எலும்பு நழுவி மடியில் விழுந்தது. மென்றது உதட்டோரம் வழிந்ததைத் துடைத்தவள் நான். அந்த எச்சில் வாடை இன்னும் என் விரலில் இருக்கிறது.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்லடி, கை வழுக்கிச்சு" என்றார். ரத்னாக்காதான் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவிலும், "ஜெசிகாகிட்ட வாயத் தொறக்காத" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். வலது குழாயில் முக்கால் பங்கு அடைப்பு. வியாழக்கிழமை கழுத்தைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டும், அவரோடு குடும்பத்தில் ஒரு பெரியவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எனக்குப் பதினேழுதான்.

யாரோடும் போனில் பேச எனக்கு வராது, தெரியுமில்லையா? ஆனாலும் மடத்துக்குப் பேசினேன். மதர் நல்லவிதமாகத்தான் பேசினார். "ரெண்டு நாள் போயிட்டு வரலாம், பயிற்சி கெடாதுன்னு சொன்னேம்மா. அவதான் வரலைன்னுட்டா. கோயில்ல உக்காந்து செபம் பண்றா" என்றார்.

உன் கடிதத்தை அன்று மறுபடி படித்தேன். அந்தச் சட்டிகளைத் தொடும்போதுகூட இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. விருந்துக்கு அப்பா வரமாட்டார். நானும் வரமாட்டேன்.

வியாழக்கிழமை காலை ரத்னாக்கா மீன் விற்கப் போகாமல் என்னோடு வந்தாள். நர்ஸ் பாரத்தை நீட்டினார். ரத்னாக்கா தன் பெயரைப் போட்டுவிட்டு, "உறவுன்னு ஒரு கட்டம் கீதே, இன்னாம்மா எழுத?" என்று என்னைப் பார்த்தாள்.

நான் பேனாவை வாங்கி, 'மூத்த மகள்' என்று எழுதினேன்.

டீனா