ரேஷன் கார்டில் ஸ்டெல்லாவின் பெயர்

செவ்வாய், சிதம்பரம்.

தங்கை ஸ்டெல்லா மாலத்தீவில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அங்கே குடிமக்களின் வைத்தியத்துக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறதாம். இவள் வெளிநாட்டுக்காரி, அதனால் கிடையாது.

பித்தப்பைக் கல்லுக்காக இன்று கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலமைச்சர் காப்பீட்டுக் கவுன்டரில், "ரேஷன் கார்டுல இவுங்க பேரே இல்லியே சார்" என்றார்கள்.

அவள் விமானம் ஏறியதுமே பெயரை நீக்கியவன் நான்தான். ஊரில் இல்லாதவள் பேரில் அரிசி வாங்குவது தப்பு என்று நினைத்தேன். அது சரிதானே? வைத்தியமும் அதே கார்டில்தான் என்று யாருக்குத் தெரியும்?

பஸ்ஸில் கேட்டாள். "அங்கயும் நான் இல்ல, இங்கயும் இல்ல. யாருண்ணே பேர எடுத்தது?"

"கம்ப்யூட்டர்ல தானா போயிருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

"விடுண்ணே, நீ என்னா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள்.