படிக்காமல் சோதித்த கடிதம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள், எழுதிவிட்டேன். நீ சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்பதில்லை, துணி காயப்போட நான் போனால் எல்லாவற்றையும் சுருக்கத்தோடு போடுகிறேனாம். உன் தம்பி புது வேலையில் ஒட்டிக்கொண்டுவிட்டான், மேலதிகாரி சரியான சிடுமூஞ்சியாம், எனக்கென்ன, சின்ன வயசிலிருந்தே பழக்கம்தானே என்று என்னைப் பார்த்துச் சொல்கிறான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இதெல்லாம் அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். நீ இப்போதெல்லாம் அம்மாவிடம் மட்டும் பேசுவதும், நான் எடுத்தால் “அம்மா இல்லையாப்பா” என்று கேட்பதும் எதனால் என்று எனக்குத் தெரியும். நீ எனக்கு அனுப்பிய அவ்வளவு நீளமான மெயிலுக்கு “கிடைத்தது. மகிழ்ச்சி.” என்று நான் போட்ட பதில்தான் காரணம். அது எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். கேட்டால் உனக்குக் கோபம் கூடத்தான் செய்யும், ஆனாலும் மறைக்க மாட்டேன்.

என்னை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு ப்ரொஜெக்டர் மாட்டியபோது திரையைச் சுருட்டி வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தவன் நான். பாடம் நடத்தத் தெரியாதவர்கள்தான் படம் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டு திரிந்தேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த லேப்டாப் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது, அதன் மேல் இஸ்திரிப்பெட்டி. பிறகு பிள்ளைகள் கட்டுரைகளை ஏ.ஐ. என்கிற மெஷினிடம் எழுதி வாங்கி அப்படியே பார்த்தெழுதிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள், ஒருவன் “மேலும் ஏதாவது உதவி வேண்டுமா” என்ற வரியையும் சேர்த்தே எழுதியிருந்தான். அறிவியல் டீச்சர், உன் வயசுதான் இருக்கும், அவர் ஒரு வழி காட்டினார். எழுதியதை உள்ளே போட்டால் மனிதர் எழுதியதா மெஷின் எழுதியதா என்று சொல்லுமாம், மனிதர் என்றால் பச்சைப் பட்டை, மெஷின் என்றால் சிவப்பு. “சார், இது சும்மா ஒரு குத்துமதிப்புதான், இதை வச்சு எந்தப் பிள்ளையையும் எதுவும் சொல்லிடாதீங்க” என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்த அற்பன் நான்தான். அன்றே லேப்டாப்பை இறக்கி, பிள்ளைகள் கையால் எழுதிய கட்டுரைகளை எல்லாம் ஒற்றை விரலால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றினேன். இத்தனை வருஷம் தொட மாட்டேன் என்றவன் அதை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அம்மாவுக்கே ஆச்சரியம்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் எல்லோருக்கும் அவள் பென்சில். வாயைத் திறக்க மாட்டாள். எங்கள் வீட்டில் கேட்கும் ஒரு சத்தம் என்று கட்டுரை கொடுத்திருந்தேன், அவள் லிஃப்ட் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பா வர நேரமானால் அம்மா அடுப்படியில் காத்திருப்பாள், லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காமல் மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அடுப்பை இன்னும் கொஞ்சம் சிறிதாக்குவாள் என்று ஒரு வரி. இந்த வயசில் இப்படி ஒரு வரி வருமா என்று எனக்குச் சந்தேகம். உள்ளே போட்டேன், சிவப்பு வந்தது. வகுப்பு முன்னால் அவளை நிறுத்தி, “இது உன் மூளை இல்ல, மெஷின் மூளை, யார்கிட்ட கதை விடற” என்று கேட்டேன். “நான்தான் சார் எழுதினேன்” என்றாள், அதையே மறுபடியும் சொன்னாள். முட்டை போட்டு உட்கார வைத்தேன். அவளுடைய அடுத்த கட்டுரை பச்சையாக வந்தது. சொன்னதையே சொல்லி, வாக்கியம் பாதியில் தொங்கி, உப்புச் சப்பில்லாத கட்டுரை. நான் அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, “இதுதான் சொந்த உழைப்பு, எல்லாரும் பாத்துக்குங்க” என்று பாராட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மெயில் வந்தது. எப்போதும் “அப்பா, சாப்டீங்களா” என்று தொடங்குகிறவள், “உங்களுக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன்” என்று தொடங்கியிருந்தாய். முதல் பத்தியில் ஒரு பிசிறு இல்லை. என் மகளுக்கு அப்பாவுக்கு நாலு வரி எழுதக்கூட நேரமில்லை, மெஷினை எழுத வைத்து அனுப்பியிருக்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. முழுவதையும் எடுத்து உள்ளே போட்டேன், சிவப்பு. அதற்கு மேல் நான் படிக்கவில்லை மகளே. மெஷினுக்கு எதற்குப் பதில் என்று அந்த இரண்டு வார்த்தையைத் தட்டிவிட்டு, பெரிய ரோஷக்காரன் போல எழுந்து போய்விட்டேன்.

போன வாரம் தலைமை ஆசிரியை இந்தப் பச்சை சிவப்புச் சோதனையை மற்ற ஆசிரியர்களுக்கும் காட்டச் சொன்னார். திரையைச் சுருட்டியவன் நானே அதை இழுத்துவிட்டு நின்றேன். அசல் மனித எழுத்து எப்படிப் பச்சையாக வரும் பாருங்கள் என்று, நீ பள்ளியில் படித்த காலத்தில் ஆண்டு மலருக்கு நான் எழுதிய கட்டுரையைப் போட்டேன், நேர்மையைப் பற்றியது. திரை முழுக்கச் சிவப்பு. உடற்பயிற்சி ஆசிரியர் “சார் அப்பவே மெஷின் வச்சிருந்திருக்கார்” என்றார், அறையே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். நேரே போய் பென்சிலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “நல்லா எழுதினா நம்ப மாட்டீங்கன்னு வேணும்னே கெடுத்து எழுதினேன் சார், மொதல்ல எழுதிட்டு அப்புறம் ஒவ்வொரு வரியா கெடுத்தேன்” என்றாள். ஒரு பிள்ளை தன் எழுத்தைத் தானே பாழாக்கிக் கொண்டுவந்ததை நான் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணைத் திருத்தினேன், “பரவால்ல சார்” என்றாள். ஆனால் இந்த வாரக் கட்டுரையையும் கெடுத்துத்தான் எழுதியிருக்கிறாள். மெஷின் மேல் பழி போடலாம்தான், ஆனால் அந்த டீச்சர் முதல் நாளே எச்சரித்தாரே, எனக்கல்லவா புத்தி எங்கேயோ போயிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உன் மெயிலைக் கடைசி வரைக்கும் படித்தேன். உன் வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்ட வேலை, சொன்னால் அப்பா உடைந்துவிடுவாரோ என்று பயந்து பயந்து, ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாய். பிசிறில்லாமல் இருந்தது அதனால்தான். கடைசியில் மட்டும் உன் பேச்சு வந்துவிட்டது, “கொஞ்ச நாள் நம்ம வீட்ல வந்து இருக்கட்டுமாப்பா” என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் நான் மகிழ்ச்சி என்று பதில் போட்டிருக்கிறேன். நீ மறுபடி கேட்கவில்லை, அம்மாவிடமும் மூச்சு விடவில்லை, தனியாக எப்படிச் சமாளித்தாயோ. சொல்லத் துணிவில்லாமல் இருந்துவிட்டு நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன், திட்டியிருந்தால்கூடத் தேவலை, உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று பேனாவும் தாளும் கொண்டுவந்து வைத்து, “போன் பண்ணா நீங்க கடைசில அவளுக்கே அட்வைஸ் பண்ணிட்டு வச்சிடுவீங்க, உக்காந்து எழுதுங்க” என்றாள். தம்பி இதைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்புவான், தபாலை நம்பி இன்னும் காக்க வைக்க மாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வா. கொஞ்ச நாள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த விடைத்தாள் கட்டுகளை எல்லாம் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், கட்டிலுக்குப் புதுப் போர்வை போட்டாயிற்று. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பனின் அவசரப் புத்தி மட்டும் உனக்கு வராதிருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடமே கிளம்பும் நாளைச் சொல். உன்னிடம் இருக்கும் நம் வீட்டுப் பழைய சாவியைத் தேடி எடுத்து வைத்துக்கொள், நாங்கள் பூட்டை மாற்றவே இல்லை.

உன் அப்பா