நீ கை வைக்காத புருவம்

மச்சாள்,

இன்று காலை ஒரு பிள்ளை வந்து நம்முடைய பழைய கதிரையில் உட்கார்ந்தது. பதினெட்டு வயதிருக்கும். போனில் ஒரு படத்தைக் காட்டி, "அன்ரி, புருவம் மொத்தமாவே இருக்கட்டும். இடது பக்கத்து ஓரத்தில மட்டும் இப்பிடி ஒரு வெட்டு விடுங்க" என்றது. படத்தில் இருந்தவளின் புருவம் முடிகிற இடத்தில், பிளேட்டால் கீறிவிட்டதுபோல் ஒரு சின்ன இடைவெளி. இப்போது அதுதான் நாகரிகமாம். உன் மகளுக்கும் அதே இடத்தில் அப்படி ஒரு இடைவெளி இருக்கிறது. அவளுக்கு அது ஷெல் துண்டு கீறிய தழும்பு. நீ அதைப் பார்க்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வருவாள், நான்தான் அதைப் பென்சிலால் நிரப்பி அனுப்புவேன்.

வந்த பிள்ளை கேட்டபடி வெட்டி விட்டேன். யுத்தம் முடியப்போகிற நேரத்தில் பிறந்தவள், அவளுக்கு என்ன தெரியும்? கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் இப்போதெல்லாம் மத்தியானம் வரைக்கும்தான் தாங்குகிறது. உனக்கு எழுதலாம் போல் இருந்தது.

நம்முடைய காலத்தில் கல்யாணம் முடிக்காதவள் புருவத்தில் கை வைத்தால் ஊர் முழுக்கக் கதைக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் புருவத்தை ஒழுங்கு பண்ணுவார்கள், அதோடு சரி. படங்களில் வருகிறவர்கள் மட்டும் உள்ளதை வழித்துவிட்டு, கறுப்புப் பென்சிலால் வில்லுப்போல் கீறிக்கொள்வார்கள். உனக்கு அதில் ஒரே ஆசை. அப்பாவின் பிளேட்டை எடுத்து நீயே செய்யப் பார்த்து, ஒரு பக்கத்தில் பாதி போய்விட்டது. தலைமயிரை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாய். ரீச்சர் மயிரை விலக்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் படத்தில நடிக்கப் போறாய்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்தாய். உன்னிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

பிறகு நீ வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாய். போய் வந்தவர்கள் கம்பளியும் ரேடியோவும் கொண்டு வந்தார்கள். நீ கையில் ஒரு தொழிலோடு வந்தாய். அந்த வீட்டு அம்மாவுக்குப் புருவம் எடுக்க வருகிற பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பழகினதாம். வவுணதீவில் கல்யாணம் முடித்தாய். அவர் காய்ச்சலில் போன பிறகு, மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கத்தில் இருந்த உன் அம்மாவின் வீட்டுக்கே திரும்பி வந்தாய். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் டவுனில் இந்த அறையை எடுத்து, என்னையும் கூப்பிட்டு இருத்தினாய். தன் புருவத்தைத் தானே சரியாக எடுக்க வராது என்பதால் உனக்கு நான், எனக்கு நீ.

அந்த வருடங்களில் எல்லோருக்கும் மெல்லிசு வேண்டும். எவ்வளவு எடுத்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்பார்கள். அவர்கள் போன பிறகு நீ சொல்வாய், "இவளுகளப் பாத்தா எந்த நேரமும் பேயக் கண்ட மாதிரி இரிக்கு." காத்தான்குடியிலிருந்து வருகிற முஸ்லிம் மணப்பெண்கள், "நடுவில கூடியிரிக்கிறத மட்டும் எடுங்க, வடிவ மாத்த வேணாம்" என்பார்கள். அவர்களிடம் நீ ஏன் எதற்கென்று கேட்டதில்லை. வாடிக்கைக்காரியின் முகம் வாடிக்கைக்காரிக்குத்தான் சொந்தம் என்பாய்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தாய்மார் இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கம் கேட்டது. கொடுக்காவிட்டால் வழியில் வைத்துப் பிடித்துப் போனது. கல்யாணம் முடித்தவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் மஞ்சள் கயிற்றை மட்டும் நம்ப மாட்டார்கள், அதை யாரும் கட்டிக்கொள்ளலாமே. முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் எடுத்திருந்தால் கல்யாணக்காரி. அதனால்தான் அந்தத் தாய்மார் நம்மிடம் வந்தார்கள்.

நீ அந்தக் குழந்தை முகங்களில் பழைய மெல்லிசுப் புருவமாக எடுத்தாய், ஐந்தாறு வயது கூடத் தெரியட்டும் என்று. முதல் தடவை என்றால் சரியாக நோகும். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். "அழு மனே, அழு. இஞ்ச அழுதாக் காணும், அவங்கட்டப் போய் அழ வேணாம்" என்பாய். வெளியே நிற்கிற தாய்க்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்வாய். எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் தப்பினார்கள். அவர்களில் சிலர் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். மாதக்கணக்காக அடியோடு எடுத்த புருவம் பிறகு சரியாக வளரவேயில்லை. இப்போது எல்லோருக்கும் தடித்த புருவம் வேண்டும், அவர்களிடம் அது இல்லை. கொழும்புக்குப் போய்ப் பச்சை குத்திக்கொண்டு வருகிறார்கள். தங்கள் மகள்மாருக்குக் காரணம் என்ன சொல்கிறார்களோ, நான் கேட்பதில்லை.

ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தாய். உன் பிள்ளைக்குச் செய்யவில்லை. அவளுக்கும் அப்போது பதினைந்து.

"உண்ட புள்ளைக்கும் எடுத்து விடன் கா" என்று கேட்டேன்.

"எண்ட புள்ளைக்கு அவள்ட கலியாணத்துக்குத்தான் நான் கை வைப்பன். பொய்க் கலியாணத்துக்கு வைக்க மாட்டன்."

"வழியில பிடிச்சிட்டுப் போனா?"

"டவுனிலதானே படிக்கிறாள். இஞ்ச வந்து ஆரு பிடிக்கிற?"

"நீ வைக்காட்டி நான் வைக்கிறன். இண்டைக்கே கூட்டிட்டு வா."

"நீ உண்ட வேலையப் பாரு மச்சாள்."

எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கு அப்பாவின் புருவம். கறுப்பாக, தடிப்பாக, நடுவில் தொட்டும் தொடாமலும். அவர் போன பிறகு, அவள் நித்திரையில் கிடக்கும்போது நீ அதை விரலால் தடவிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதை அழிக்க உனக்கு மனம் வரவில்லை. அதை நேராகச் சொல்லியிருந்தால் நானும் உன்னை அவ்வளவு ஏசியிருக்க மாட்டேன்.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு அவளை அப்பாவின் ஆட்கள் கூப்பிட்டார்கள். வாவியைத் தாண்டி, இயக்கத்தின் பிடியில் இருந்த வவுணதீவுக்குப் போனாள். கூடப் போன இரண்டு பெண்களும் நீ புருவம் எடுத்துவிட்ட பிள்ளைகள். அவர்கள் திரும்பி வந்தார்கள். உன் மகள் வரவில்லை. நீ மற்றத் தாய்மாரோடு சேர்ந்து வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை முழுக்க அலைந்தாய். ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினாய். கடைசியில் வன்னிக்குக் கொண்டுபோய்விட்டதாக ஒரு பொடியன் சொன்னான். அதற்குப் பிறகு, நான் உனக்குப் புருவம் எடுக்கும்போது நீ கண்ணாடியைப் பார்த்ததேயில்லை. முடிந்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவுவாய். டிசம்பரில் நத்தாருக்கு முதல் நாளும் அப்படித்தான்.

நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. உன் வீடு இருந்த இடத்தில் நிலம் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரி வளவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். முகம் உன் முகமாக இருக்கவில்லை. புருவம் மட்டும் நான் எடுத்தபடியே இருந்தது, வலது பக்கம் ஒரு பொட்டுத் தூக்கலாக. என் பிழை அது, எப்போதும் நீ அதற்கு என்னை ஏசுவாய். "இதுதான்" என்று அவர்களுக்குக் காட்டினேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. பல மாதம் கழித்து, ஒருத்திக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது.

யுத்தம் முடிந்து, புனர்வாழ்வு முகாமிலிருந்து விட்ட பிறகு, உன் மகள் நேரே இந்த அறைக்குத்தான் வந்தாள். நீ இல்லை என்பது அவளுக்கு வன்னியிலேயே தெரிந்திருந்தது. கழுத்தளவுக்குத்தான் மயிர் வளர்ந்திருந்தது. இடது புருவத்தில் அந்தத் தழும்பு. மற்றபடி அப்பாவின் அதே புருவம். அப்போது டவுனில் புருவம் எடுக்காத இளம் பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், எல்லோரும் வளைவாக எடுத்திருந்தார்கள்.

"செக்பொயின்ற்றில என்னை மட்டும் இறக்கி விசாரிக்கிறாங்க மாமி. மத்தப் பொம்பிளையள் மாதிரி ஆக்கி விடுங்க" என்றாள்.

கல்யாணத்துக்கென்று நீ வைத்திருந்ததை ஒரு சோதனைச் சாவடிக்காக எடுக்க வேண்டி வந்தது. எனக்கு உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்தவளோடு என்ன சண்டை பிடிப்பது?

நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தொடங்கினேன். அவள் அழவில்லை, கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா அண்டைக்கே எடுத்து விட்டிருந்தா என்னைப் பிடிச்சிருக்க மாட்டாங்க, என்ன மாமி?"

நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பிடிக்காட்டி நான் வீட்டில இருந்திருப்பன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்ல. அம்மாவோட படுத்திருப்பன்."

வலது புருவம் முடிந்து இடதுக்கு வந்திருந்தேன். தழும்புக்குப் பக்கத்துத் தோல் மெல்லிசு, கவனமாகச் செய்ய வேண்டும்.

"அப்ப, அம்மா செஞ்சது சரியா, பிழையா மாமி?"

என் வாயில் நூல் இருந்தது. வாயைத் திறந்தால் நூல் விழுந்துவிடும் என்று எந்த வாடிக்கைக்காரிக்கும் தெரியும். அதனால் நான் பேசாமல் இருந்தது அவளுக்கு வித்தியாசமாகத் தோன்றியிருக்காது. அவ்வளவு காலத் தொழிலில் அன்றைக்குத்தான் நூலுக்கு நன்றி சொன்னேன். முடிந்ததும் தழும்பைப் பென்சிலால் நிரப்பி, கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். "ஆரோ மாதிரி இரிக்கன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

இப்போது அவள் கிரானில் இருக்கிறாள். புருஷன் வயல் செய்கிறான், நல்லவன். ஒரு மகனும் இருக்கிறான். சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுத்து எவ்வளவோ காலம். தடித்த புருவம் திரும்பவும் வந்துவிட்டது, இனி எடுக்கத் தேவையில்லை, அப்படியே விடு என்று அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மாதம் தவறாமல் பஸ் ஏறி வருகிறாள். உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி வைத்துக்கொள்கிறாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. ஆனால் கேட்டவளின் முகம் அது, எனக்குத் தெரியாதா?

நீ செய்யாமல் விட்டதால் அவள் ஆறு வருடம் தொலைந்துபோனாள். நீ செய்யாமல் விட்டதால்தான் உயிரோடு இருக்கிறாள். உன்னை ஏசத் தொடங்கினால் பாதியில் நின்றுபோகிறது. உனக்கு நன்றி சொல்லலாம் என்றால் அதுவும் வாயில் வரவில்லை. இரண்டையும் சுமந்து நான் களைத்துப்போனேன் மச்சாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும், முதல் வேலையாக நூலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்கிறேன்.