பயன்படுத்த ஆள் இல்லாத லேத்

இலஞ்சிக் குமாரர் துணை

மேலகரம்,
ஆடி வெள்ளி

அன்பு மக சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுதேன். இங்கன நானும் உங்க அப்பாவும் சுகமா இருக்கோம், அங்கன நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்து மழையில சளி இருமல் இல்லாம இருக்கணும்னு குமாரரைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். என் நெத்திக் காயம் ஆறிட்டு, தையல் பிரிச்சாச்சு, புருவத்துக்கு மேல ஒரு கோடு மாதிரி தழும்பு நிக்கி, அவ்வளவுதான். சாரல் நல்லா விழுது, ஐந்தருவிக்குப் போற வண்டியில நம்ம ரோட்டைக் கடக்க முடியலை. நலம் விசாரிச்சது இதோட போதும், மிச்சம் பூரா உன்மேல எனக்கு இருக்கிற கோவம்தான். போன்ல சொன்னா பாதியில நீ அழுதுருவ, நானும் விட்டுருவேன், அதனால தாள்ல எழுதுதேன், உக்காந்து முழுசா வாசி.

நேத்து காலையில வாசல்ல ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. புளியறையில மரச்சாமான் கடை வச்சிருக்கிற ஹுஸைஃபான்னு ஒரு தம்பி இறங்கி, மரம் கடையுற லேத் விலைக்குன்னு பாத்தேன், எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லுதான். எந்த லேத்துன்னு கேட்டேன். செல்லுல ஒரு விளம்பரத்தை எடுத்து நீட்டுதான். என் ஷெட்டு, என் லேத், பொங்கலுக்கு வந்தப்போ நீ எடுத்த படம். கீழ அப்பா நம்பர். நல்ல நிலையில் உள்ளது, பயன்படுத்த ஆள் இல்லை, வீட்டில் இடத்தை அடைக்கிறதுன்னு எழுதியிருக்க. ஏட்டி, அதை வாசிக்கும்போது என் தலைமுடி பூரா மரச்சுருள், கையில நீ அனுப்பின உளி, பின்னால லேத்துல பாதி குடைஞ்ச கிண்ணம் மாட்டியிருக்கு. ஆள் இல்லைன்னா அப்போ நான் யாரு? ரிட்டயர் ஆன காசுல நானா பாத்து வாங்கினது அது. உனக்குப் பிடிக்கலைன்னு எழுதியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சுருக்குன்னு இருந்திருக்காது.

நடந்ததை அப்பா உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் சொல்லுதேன் கேளு. இத்தனை நாளும் நான் கடைஞ்சது தட்டை உளியில, மத்தும் சப்பாத்திக் கட்டையும் அதுலதான் செஞ்சேன். கிண்ணம் குடைய ஒரு உளி வேணும்னு கேட்டேன், நீயும் ஆசையா வாங்கி அனுப்பின, அதை நான் இல்லைங்கலை. ஆனா அது வேற ஜாதி உளி. கைப்பிடியே முழ நீளம், இரும்புக்கு நடுவுல வாய்க்கால் மாதிரி குழி, நுனி ரெண்டு பக்கமும் நகம் மாதிரி பின்னால சரிஞ்சு கிடக்கு. எப்படிப் பிடிக்கணும்னு கூட ஒரு தாள் இல்லை, முகத்துக்கு ஒரு மறைப்பு இல்லை. நான் தட்டை உளின்னு நினைச்சு, குழி மேல பாக்க நேரா நீட்டிட்டேன். சுத்துற வேகத்துல உளி ஓரத்துல கவ்வி, பலாக்கட்டை பிடியை விட்டுக் கழண்டு வந்து நெத்தியில அடிச்சுட்டு. ஆஸ்பத்திரியில டாக்டர் எப்படின்னு கேக்காரு, நான் வாயைத் திறக்குமுன்ன உங்க அப்பா, பாத்ரூம்ல வழுக்கிட்டுங்காரு. இல்ல டாக்டர், கடைசல் போடும்போது கட்டை பறந்துட்டுன்னு நான் சொன்னேன். உடனே அவரு உங்க அப்பாவைப் பாத்து, சார் மரவேலை பாக்கீங்களான்னு கேக்காரு. அடிபட்டது நான், தொழில் மட்டும் அவருக்காம்.

அது பத்தாதுன்னு அன்னைக்கே நீ போன் பண்ணி, லேத்துல பெல்ட்டைக் கழட்டி ஒளிச்சு வைங்கன்னு அப்பாட்ட சொல்லியிருக்க, அவரும் அப்படியே செஞ்சுட்டாரு. என்கிட்ட காயம் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்ட. நீ பிளஸ் டூ படிக்கையில ஸ்கூட்டி பழகுதேன்னு காசிமேஜர்புரம் வளைவுல விழுந்து கை முறிஞ்சு கிடந்தியே, அப்போ நான் சாவியை ஒளிச்சேனா? கட்டு அவுத்த மறுநாளே உன்னை ஓட்டச் சொல்லிட்டு நான் பின்னால உக்காந்து இலஞ்சி வரைக்கும் வந்தேன். பின்கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன், உன்கிட்ட காட்டலை.

பெல்ட் இல்லாட்டி மோட்டார் சுத்தும், கட்டை சுத்தாது. கோவத்துல அது முன்னால போய் உக்காந்தவ, சும்மா இருக்க முடியாம வேற கட்டையை மாட்டி, ஒரு கையால அதைச் சுத்திக்கிட்டே உளியைச் சேத்து வச்சுப் பாத்தேன். மெதுவா வரும்போதுதான் எங்க கவ்வுதுன்னு கைக்குத் தெரியுது. நுனியை முதல்ல வச்சா கவ்வுது. நுனிக்குப் பின்னால தீட்டின சரிவு இருக்கு பாரு, அதை முதல்ல கட்டைமேல படுக்க வச்சா சும்மா உரசுது, வெட்டலை. அப்படியே கைப்பிடியை மெல்ல மெல்லத் தூக்கினா ஒரு இடத்துல உரசல் நின்னு சீவல் வருது. குழியும் மேல பாக்கக் கூடாது, உளி போற பக்கமா சாஞ்சு இருக்கணும். இவ்வளவுதான் விஷயம், இது தெரியாமத்தான் நெத்தியைக் குடுத்திருக்கேன். உங்க அப்பா காப்பியைக் கொண்டுவந்து, பெல்ட்தான் இல்லையே, என்ன பண்ணுதன்னு கேட்டாரு. நீங்க உக்காந்து சுத்துங்கன்னேன். முனங்கிக்கிட்டேதான் உக்காந்தாரு. அவரு ரெண்டு கையாலயும் சுத்த, நான் உளியை இடுப்போட அணைச்சுப் பிடிக்க, பச்சைப் பலா பாத்துக்கோ, மஞ்சளா ஒரு நீளச் சுருள் வந்து அவரு மணிக்கட்டுல விழுந்துச்சு. அதைப் பிரிச்சு மோந்து பாத்துட்டு, இன்னொண்ணு வருதான்னு பாருன்னாரு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் அதையேதான் செஞ்சோம். மறுநாள் பெல்ட் லேத்துமேல இருந்துச்சு. எங்க வச்சிருந்தீங்கன்னு நான் கேக்கலை, அதுல ஒட்டியிருந்த தவிட்டைப் பாத்தாலே அரிசி டிரம்னு தெரிஞ்சுட்டு. தென்காசிக்குப் போய், மெஷின்ல புல் வெட்டுற ஆளுங்க முகத்துல போடுற கண்ணாடி மறைப்பும் வாங்கிட்டு வந்தாரு. இப்போ அது இல்லாம நான் மோட்டாரைப் போடுறதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் நேத்து அந்தத் தம்பி வந்து நிக்கான். ஆள் இல்லைன்னு போட்டிருக்குதேம்மான்னு தயங்குதான். அவனை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய், மறைப்பை மாட்டி, மோட்டாரைப் போட்டு, கிண்ணத்துல உள்வாய் ஓரத்துல இருந்து அடி வரைக்கும் உளியை ஒரே ஓட்டா ஓட்டினேன். நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா அவன் செருப்பைக் கழட்டிட்டு நிக்கான். இது விக்கிற சாமான் இல்லைம்மா, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி, காப்பி மட்டும் குடிச்சுட்டு வெறும் வண்டியோட போனான். அப்புறம்தான் உங்க அப்பாவைப் பிடிச்சேன். விளம்பரம் அவருக்குத் தெரியுமாம். பெல்ட்டைக் குடுத்த அன்னைக்கே எடுத்துரும்மான்னு உன்கிட்ட சொன்னாராம், நீதான் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வித்துட்டுச் சொல்லிக்கலாம்னு சொன்னியாம். அதை அவரு சொல்லி முடிச்சப்புறம் எனக்கு மத்தியானச் சோறு இறங்கலை பிரியா.

நீ பயந்துட்ட, எனக்குத் தெரியும். நெத்தியில கட்டோட என் போட்டோவைப் பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கலைன்னு மாப்பிள்ளை சொன்னாரு. பயப்படு, அழு, தினமும் நாலு தடவை கூப்பிட்டுக் கேளு, திட்டணும்னாலும் திட்டு, நான் பதில் சொல்லுதேன். என் சாமானை என்கிட்ட கேக்காம விக்காத. எனக்கு என்ன நல்லதுன்னு நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி முடிவு பண்ணுற அளவுக்கு நான் இன்னும் போகலை.

கிண்ணம் இன்னைக்கு முடிஞ்சுட்டு. ஒரு பக்கம் கொஞ்சம் கனமா நிக்கி, பச்சை மரம், காயக் காய இன்னும் கோணும், அது அப்படித்தான் இருக்கும். அதை உனக்கு அனுப்புறதா இல்லை. அடுத்ததை வேணும்னா அனுப்புதேன், அதுக்குள்ள கோவம் ஆறியிருந்தா.

குமாரர் உங்க ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கட்டும். காலாகாலத்துல சாப்பிடு, தலை காயாம வெளிய போகாத. விளம்பரத்தை எடுத்துட்டு எனக்குச் சொல்லு. அப்பா நம்பருக்குக் கூப்பிட்டு, அம்மாட்ட குடுங்கன்னு சொல்லாத. எனக்கும் நம்பர் இருக்கு.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களோட,
உன் அம்மா
மங்களேஸ்வரி