பித்தளை ஆசனம்

1927 மார்ச் 3, வியாழன்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் கோழிச்சாறு வைத்தேன். இவர் இரண்டு வாய்தான் குடித்தார். காசுக்குப் பதில் தங்கத்தூளை நிறுத்துக் கொடுத்து வாங்கிய காலம் போயும் இவருடைய எடைக்கல் பை தலைமாட்டில்தான். இன்று அதைத் துழாவி ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். தலைவர்கள் அமரும் ஆசனத்தின் வடிவில் வார்த்த கல், பித்தளையில், சுண்டைக்காய் அளவில்.

“வீட்டுல அதிகாரம் பண்றவ நீதானே அபெனா. ஆசனத்தையும் நீயே வச்சுக்கோ.”

சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார், பிறகு இருமல்.

மார்ச் 5

பக்கத்து வீட்டு செர்வா அக்கா பிடுங்கி எடுக்கிறாள். “மது வாங்கி வச்சு, அவர் குடும்பத்து ஆளுங்க முன்னாடி நன்றி சொல்லிடுடீ. இல்லேன்னா நம்ம வழக்கத்துல அது குடுத்ததாவே ஆகாது.”

எனக்குத் தெரியாதா? ஆனால் இப்போது சாட்சி கூப்பிட்டால், இவர் பிழைக்கமாட்டார் என்று நானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகாதா? அதுவும் இவர் காதுபட! முதலில் எழுந்து நடக்கட்டும்.

மார்ச் 11

கஞ்சி முழுதும் குடித்தார்.

மார்ச் 14

போய்விட்டார்.

ஏப்ரல் 23

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து, இவருடைய அக்கா மகன் டுவுமா எடைக்கல் பையைப் பிரித்தான். எங்கள் வழக்கப்படி மாமன் சொத்தெல்லாம் அவனுக்குத்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. வாள் வடிவக் கல் இருந்தது, குடை வடிவக் கல் இருந்தது. ஆசனம் எங்கே என்றான்.

“அவர் எனக்குக் குடுத்தார்ப்பா.”

“நன்றி சொன்னீங்களா அத்தை? யார் சாட்சி?”

“நான்தான்” என்று செர்வா அக்கா வாயெடுத்தாள். கையைப் பிடித்து அடக்கினேன். இவர் ஆசையாகக் கொடுத்ததைப் பொய் சொல்லியா வைத்துக்கொள்வது? எடுத்துக் கொடுத்துட்டேன்.

போகட்டும் — எப்படிப் போகும்? ஒரு வாய் வார்த்தை, அதைச் சொல்ல முடியலையே எனக்கு. பாவி. பயந்தாங்கொள்ளி. சொல்லாததால மட்டும் அவர் பிழைச்சாரா?

மே 8, ஞாயிறு

டுவுமா குடும்பத்துப் பெரியவர்களோடு வந்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. “மாமா மனசு எனக்குத் தெரியும். எல்லார் முன்னாடியும் நானே தர்றேன், வாங்கிக்கங்க அத்தை.”

செர்வா அக்கா ஓடிப்போய் மது வாங்கி வந்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “டுவுமா, நீ கொடுத்ததை வாங்கிக்கிட்டேன். உனக்கு நன்றி” என்றேன். கேட்டோம் என்றார்கள் பெரியவர்கள்.

இனி யாரும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. ஊர்க் கணக்கில் அது டுவுமா எனக்குக் கொடுத்தது, இவர் கொடுத்ததல்ல.