அக்காவின் கழுத்தும் வயிறும்

பிப்ரவரி 11
பேருந்து கிளம்பும் நேரத்தில் அக்கா மறுபடி கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பியதும், "எக்ஸ்பிரஸ் வந்தாச்சா?" என்றேன். மூன்று வருடமாக நான் கூப்பிடும் பெயர். "போடா எருமை." அவளுடைய ஏழு வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் விட்டுப் போனபின் வீட்டில் நாங்கள் மூவர்தான். சிரிப்புக்குக் குறைவில்லை.

பிப்ரவரி 26
அக்காவின் கழுத்தில் கோலிக்குண்டு அளவு கட்டி. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். தைராய்டு புற்றுநோய். மெடுல்லரி என்ற வகை.

மார்ச் 4
"தைராய்டுதானே, ஆபரேஷன் பண்ணி அயோடின் குடுத்தா சரியாயிடும்." அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். அது பலருக்கும் வருகிற வகைக்கு. இது அயோடினை உள்ளே வாங்காதாம்.
மருத்துவர் கேட்டார்: "வயித்துப்போக்கு உண்டா?"
அக்கா என்னைப் பார்த்தாள்.
"மூணு வருஷமா," என்றேன் நான்.
கட்டி சுரப்பதுதான் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. இவ்வளவு நாள் என்றால் கல்லீரலையும் பார்க்க வேண்டுமாம்.
நான் சிரிச்சேனே. ஒவ்வொரு தடவையும் —

மார்ச் 5
முடியல.

மார்ச் 21
சுரப்பியையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கல்லீரலுக்குப் பரவியிருப்பதை எடுக்க முடியாது. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும். அவ்வளவுதான்.
கரகரத்த குரலில் அக்கா: "மூஞ்சிய ஏன்டா அப்படி வச்சிருக்க? நீ கிண்டல் பண்ணலன்னா நான் அழுதிருப்பேன்."
உண்மையா, ஆறுதலா? கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 9
பிழை மரபணுவில். எனக்கும் குழந்தைக்கும் இரத்தம் எடுத்தார்கள். அந்தப் பிழை இருக்க இருவருக்குமே பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இருக்கட்டும், அவளை விட்டுடு — யாரிடம் பேரம் பேசுகிறேன்?

மே 2
எனக்கு இல்லை. அவளுக்கு இருக்கிறது.
அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானாடா குடுத்தேன்?"

ஜூன் 13
குழந்தையின் சுரப்பியை எடுத்தாயிற்று. அதில் புற்று இன்னும் தொடங்கவில்லை. நாங்கள் முந்திக்கொண்டோம். அக்கா மருத்துவரின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. அவர் அடுத்த அறைக்குப் போகக் காத்திருந்தார்.

ஜனவரி 19
அக்கா இல்லை.

பிப்ரவரி 8
காலை ஆறரை. குழந்தைக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில். ஆயுசுக்கும் உண்டு.
"மாமா, அம்மாவோட தைராய்டு மாத்திரை நிறைய மிச்சம் இருக்கே. அதையே குடுக்கலாம்ல?"
"அது பெரியவங்க அளவு."
"அப்ப நான் பெரியவளாகற வரைக்கும் வச்சிருப்போம்."
"ம்."
அட்டையின் பின்னால் காலாவதித் தேதி இருந்தது. திருப்பி வைத்தேன்.