வெண்ணந்தூர் மரத்தின் இலை

8 ஆகஸ்ட் 83, திங்கள்
காலையிலேயே வெயில். பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

மூன்றாம் பக்கத்தில் என் செய்தி: எட்டி மரத்தடியில் மேய்ந்த இரண்டு ஆடுகள் சாவு. மரம், வெண்ணந்தூர்ப் பக்கம் ராமசாமி என்பவர் வரப்பில் நிற்பது. சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். இலையில் காம்படியிலிருந்தே பிரியும் நரம்புகள், பளபளப்பு. கொல்லிமலை அடிவாரத்தில் பறித்துக் காயவைத்திருந்த எட்டி இலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். ராமசாமி, "தேத்தாமரம்னுதானுங்க நாங்க சொல்லுவோம், கொட்டைய ஒரசுனா பானைத் தண்ணி தெளியுமுங்க" என்றார். அதை எழுதவில்லை. ஞாயிறுதோறும் மரங்களைப் பற்றி எழுதுகிறவன் நான் அல்லவா.

ஆபீசில் பாராட்டு. ஓசி டீ.

9, செவ்வாய்
புழுக்கம். ஆடுகளை அறுத்துப் பார்த்த மாட்டு டாக்டர் போன் செய்தார். "வயித்துல பூரா சோளப்பயிரு சார். மழையில்லாம வாடி நின்னா அது விஷம். நீங்க பாட்டுக்கு மரத்து மேல பழியப் போட்டுட்டீங்க."

பையைக் கவிழ்த்தேன். அன்று மரத்தடியில் பொறுக்கிய கொட்டை ஒன்று, பேனா மூடிக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவே. பொறுக்கினேனே தவிரப் பார்க்கவில்லை. எட்டிக்கொட்டை சட்டைப் பொத்தான் போலத் தட்டை. இது உருண்டை. தேத்தாங்கொட்டையேதான். இரண்டும் ஒரே பேரினம், இலை நரம்பும் ஒரே போக்கு. தெரியாத விஷயமில்லை எனக்கு.

சாயங்கால பஸ்ஸில் போயிருக்கலாம். நகராட்சிக் கூட்டம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் சாக்கடை விவகாரம் மட்டும்.

10, புதன்
திருத்தம் எழுதிக் கொடுத்தேன். உதவி ஆசிரியர்: "யாருய்யா மறுப்புக் கேட்டது? ஆடா, மரமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இடமிருந்தால் வெள்ளிக்கிழமை போடுவாராம். வெண்ணந்தூருக்கு நாளை. கிராம்பு மறந்துவிட்டது.

11, வியாழன்
முதல் பஸ். முன் சீட்டில் நெய் டின்னோடு ஒருவர், பக்கத்து ஆளிடம்: "தேத்தாங்கொட்டைன்னு எட்டிக்கொட்டையத்தான் ஒரசிக் குடிச்சிருக்கறோமாம். எங்கூட்டுக்காரி இருந்ததையெல்லாம் குப்பையில கொட்டிட்டா."
"குடிச்சும் நீங்க சாகலையேங்க மாமா?"
"அதுலதான் அவளுக்கு வருத்தம்."
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரப்பில் அடிமரம் மட்டும். ஈரம் காயவில்லை. நேற்று வெட்டியது. நேற்று.

ராமசாமி: "எங்கப்பன் காலத்துலயிருந்து குடிச்ச தண்ணிதானுங்க. ஆனா பேப்பர்லயே போட்டாச்சுங்களே. புள்ளைங்க இருக்கற ஊடு."

சொன்னேன். இது தேத்தாமரம்தான், தப்பு என்னுடையது. கொட்டையைக் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப ஆடு எதுல செத்துச்சுங்க?"
"சோளப்பயிரில்."

முகம் மாறிவிட்டது. "அட சாமி, மரம்தான் போயிருச்சேன்னு மறுபடி அதுலயே உட்டிருக்கறனுங்களே. காத்தால ஒண்ணு உழுந்துச்சு, ஏன்னே தெரியல." துண்டை உதறிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் ஓடினார். கொட்டை கீழே கிடந்தது.

மூன்றாவது ஆடு. செவ்வாய் சாயங்காலமே நான் வந்திருந்தால் மரமும் நிற்கும், ஆடும் நிற்கும்.

வாசலில் நின்றேன். அவர் மனைவி பாவாயி உள்ளே இருந்தார், நாங்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. பேப்பர்காரர் வந்திருக்கிறார் என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வற்றிய கிணற்றுத் தண்ணீர். செம்மண் நிறம்.

வாங்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாமக் குடிங்க சாமி. கொட்டை ஒண்ணும் ஒரசலீங்க."

குடித்தேன்.